பல்லும் பதிவேடும்

(திருவேற்காட்டில், சுற்றுப்புற ஊராட்சிகளின் உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்தபோது வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



மாட்டுச் சந்தையில் நம் உழவர்களுக்குள்ள திறமையை எவரும் ஐயுறார். மாட்டின் நிறம், நடை, சுழி ஆகியவற்றைப் பார்த்த பிறகு, கடைசியாக அதன் வாயைத் திறந்து பார்த்துத்தான் விலை பேசுவார்கள். இரண்டு பல்லா, நான்கு பல்லா, கடை சேர்ந்ததா என்பதைக் கொண்டே அதன் வயதையும், அது இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதையும் கணித்துவிடுவார்கள். தானமாக வந்த மாட்டின் பல்லை மட்டும் பார்க்கலாகாது என்பது பழமொழி. நம் சொந்தப் பற்களும் விலை கொடுக்காமல் வந்தவையே. அதனால்தானோ என்னவோ, அவற்றை எவரிடமும் திறந்து காட்டாமலேயே நம்மில் பெரும்பாலோர் ஐம்பது வயதைக் கடந்துவிடுகிறோம்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், பல் மருத்துவரைத் தேடிக் கண்டு அவரிடம் நம் பெயரைப் பதிவு செய்துகொள்வது எப்படி என்பதாகும். சாலை, குடிநீர், வடிகால் ஆகியவற்றைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் இஃது எதற்கு என்று சிலர் எண்ணலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ 350 கோடி மக்கள் வாய், பல் நோய்களால் பீடிக்கப்பட்டிருக்கின்றனர். வேறு எந்த நோய்க்கும் இத்துணைப் பெரிய கூட்டம் இல்லை என்றே சொல்லலாம். இக்கூட்டத்தில் இருப்போரில் பாதிப் பேருக்கேனும் சொத்தைப் பல் ஒன்று இருக்கும் என்று நாம் துணிந்து கூறுவோம்.

திருவேற்காடு என்னும் பெயரிலேயே பல் துலக்கும் குச்சி இருக்கிறது. வேல மரங்கள் அடர்ந்த காடாதலால் வேற்காடு என்றாயிற்று. இங்குள்ள வேதபுரீசுவரர் கோயிலின் தல மரமும் வெள்வேலமே. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்று முன்னோர் சொன்னதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வேலங்குச்சி பல்லைத் துலக்குமேயன்றிச் சொத்தையை அடைக்காது. வயலில் பூச்சி விழுந்த பிறகு வரப்பைச் செதுக்கி என்ன பயன்?

முதலில் ஒரு செய்தியைத் தெளிவாக்கிவிடுவோம். இங்கிலாந்து நாட்டில் 1948-ஆம் ஆண்டு தேசிய நலப்பணி தொடங்கப்பட்டபோது பல் மருத்துவமும் கட்டணமின்றிக் கிடைத்தது. கண்ணாடியும் செயற்கைப் பல்லும் வேண்டி மக்கள் திரண்டனர். செலவைத் தாங்க இயலாமல் 1951-இல் அவற்றுக்குக் கட்டணம் விதிக்க அரசு முற்பட்டது. அதை எதிர்த்து, அத்திட்டத்தின் தந்தை எனப்படும் அன்யூரின் பெவன் அமைச்சர் பதவியையே துறந்தார். இன்றும் அந்நாட்டின் பல ஊர்களில், புதிய நோயாளிகளை ஏற்றுக்கொள்ளும் பல் மருத்துவரைத் தேடிக் கண்டுபிடிப்பது மக்களுக்குப் பெரும்பாடாக இருக்கிறது. நம் நிலைமையோ தலைகீழானது. இங்கே எந்த மருத்துவரிடமும் முன்கூட்டியே இடம் கேட்டுக் காத்திருக்க வேண்டுவதில்லை. கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே நுழையத்தான் ஆளில்லை. அல்லது கன்னம் வீங்கிய பிறகு நள்ளிரவில் நுழைய முற்படுகிறோம்.

அரசு மருத்துவமனையைப் பார்ப்போம். பூந்தமல்லியிலும் ஆவடியிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. மாவட்டத் தலைநகராகிய திருவள்ளூரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் பெயர், வயது, ஊர் ஆகியவற்றைச் சொன்னால் ஓ.பி. சீட்டு எழுதித் தருவார்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அந்தச் சீட்டுத்தான் நம் பதிவு. அதை வெற்றிலைப் பையில் மடித்துப் போட்டுத் தொலைத்துவிடாமல், நிலப் பட்டாவை வைக்கும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுமுறை செல்லும்போது முன்பு என்ன செய்யப்பட்டது என்பதை அதுவே மருத்துவருக்குச் சொல்லும். கைப்பேசி உள்ள இளைஞர்கள் வீட்டில் இருந்தால், 14 இலக்கங்கள் கொண்ட ஆபா என்னும் சுகாதார எண்ணையும் பெற்றுக்கொள்ளலாம். எல்லா ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் பல் மருத்துவர் இருப்பார் என்று எண்ணிவிட வேண்டா. எந்த நிலையத்தில், எந்த நாளில், எத்தனை மணிக்கு அவர் அமர்கிறார் என்பதைக் கேட்டறிந்து மக்களுக்குச் சொல்வது ஊராட்சி உறுப்பினரின் வேலை. கூலியை விட்டுவிட்டுப் போன ஒருவர், மருத்துவர் இல்லாத நாளில் போய்த் திரும்பினாரானால், அவர் இரண்டாம் முறை போகவே மாட்டார்.

பெரிய சிகிச்சை வேண்டுவோருக்குச் சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1953-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தோன்றியது அது. வழி கேட்டு அலைய வேண்டியதில்லை. ஆவடியில் மின்தொடர் வண்டி ஏறிச் சென்ட்ரலில் இறங்கி, எதிரிலுள்ள பூங்கா நிலையத்தில் கடற்கரை செல்லும் வண்டியைப் பிடித்தால், அடுத்த நிலையம் கோட்டை. கோட்டை நிலையத்துக்கு அருகிலேயே மருத்துவமனை. வேர் சிகிச்சை, ஈறு சிகிச்சை, செயற்கைப் பல் கட்டுதல், தாடை அறுவை எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பிரிவுகள் அங்கே உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரியும் பிள்ளைகள் உள்ள குடும்பத்தினர் இன்னொன்றையும் நினைவில் கொள்க. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், அந்த அட்டை குடும்பத்தாரின் பல்லுக்கும் பயன்படும். அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுக் கடன் வாங்கிப் பல் கட்டிக்கொண்டவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

தனியார் துறையைப் பொறுத்தவரை, திருவேற்காட்டு வட்டாரத்தைப் போல வாய்ப்புள்ள பகுதி மாநிலத்தில் அதிகம் இராது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரி, மதுரவாயலில் மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரி, போரூரில் இராமச்சந்திரா என வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு கல்லூரியிலும் மருத்துவமனை இணைந்தே உள்ளது. மாணவர்கள் கற்பதற்கு நோயாளிகள் தேவை. ஆதலின் அங்கே கட்டணம் பெரும்பாலும் வெளியிடத்தைவிடக் குறைவாக இருக்கும். ‘மாணவன் நம் வாயில் பழகிக்கொள்வான்’ என்ற அச்சம் நம்மவர்க்கு உண்டு. அது பொருந்தாத அச்சம். மாணவர் செய்யும் வேலையை ஆசிரியர் கட்டத்துக்குக் கட்டம் பார்த்து ஒப்பமிட்ட பிறகே அடுத்த வேலை நடக்கும். அதனால் நேரம் கூடுதலாகும் என்பதே குறை. அரை நாள் வேலை ஒரு நாளை விழுங்கும். ஒரு முறையில் முடிவது இரண்டு முறையாகும். நாற்று நடும் பருவத்தில் போகாமல், அறுவடை முடிந்த ஓய்வுக் காலத்தில் போவதே அறிவுடைமை.

இனித் தெருவோரத்துத் தனி மருத்துவ நிலையங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நாம் மருத்துவரிடம் பதிவு செய்துகொள்வதற்கு முன், அந்த மருத்துவர் தம்மைப் பதிவு செய்துகொண்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் மாநிலந்தோறும் பல் மருத்துவர் பதிவேடு ஒன்றை ஏற்படுத்தியது. 2023-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டமும் பதிவேட்டு முறையைக் கைவிடவில்லை. பி.டி.எஸ். பட்டம் பெற்றுத் தமிழ்நாடு பல் மருத்துவ மன்றத்தில் பதிந்துகொண்டவருக்கு ஒரு பதிவு எண் உண்டு. அந்த எண் பெயர்ப் பலகையிலோ மருந்துச் சீட்டிலோ இருக்க வேண்டும். இல்லையெனில் கேட்கலாம். விதை நெல் வாங்கும்போது சான்றட்டையைப் பார்க்கிறோம். அதில் கடைக்காரர் கோபித்துக்கொள்வதில்லை. நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அன்றியும், தனியார் மருத்துவ நிலையங்கள் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி தனியே பதிவு பெற வேண்டும். மருத்துவருக்கு ஒரு பதிவு, நிலையத்துக்கு ஒரு பதிவு; ஆக இரண்டு.

இப்படிக் கேட்பது வீண் துருவல் அன்று என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு துயர நிகழ்ச்சி உண்டு. 2022, 2023-ஆம் ஆண்டுகளில் வடதமிழ்நாட்டில் சிலருக்குக் காய்ச்சல், தலைவலி, முகம் கோணுதல் எனத் தொடங்கி மூளையைத் தாக்கிய கடுந்தொற்று ஒன்று கண்டது. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமியால் வருவது அது, மெலியாய்டோசிஸ் என்பர். நோயுற்றவர்களை ஆராய்ந்தபோது, அவர்களில் பத்துப் பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவ நிலையத்துக்குச் சென்றவர்கள் எனத் தெரிந்தது. அப்பதின்மரில் எண்மர் இறந்தனர். உப்பு நீர்ப் புட்டியைத் தூய்மை செய்யப்படாத கருவியால் திறந்து, அதே புட்டியை மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதே தொற்று பரவிய வழி என்று 2025-இல் வெளியான ஆய்வு கூறியது. பல்லுக்காகப் போனவர்கள் உயிரோடு மீளவில்லை.

இதைக் கேட்டு அஞ்சிப் பல் மருத்துவரிடமே போகாமல் இருந்துவிடலாகாது. அந்நோய் அரிது. ஆனால் மருத்துவரின் பதிவு எண்ணைப் பார்த்ததோடு நம் கடமை முடிந்துவிடவில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. கருவிகளை அழுத்த நீராவியில் வேக வைக்கும் ஆட்டோகிளேவ் என்னும் கலம் அங்கே இருக்கிறதா? வெந்த கருவிகள் மூடிய உறையிலிருந்து நம் கண் முன்னே எடுக்கப்படுகின்றனவா? ஊசி புதியதா? கழுவும் நீர்ப் புட்டி அன்று புதிதாகத் திறந்ததா? மருத்துவர் ஒவ்வொருவருக்கும் கையுறை மாற்றுகிறாரா? நாற்காலியில் சாய்வதற்கு முன் கேட்க வேண்டியவை இவை. சாய்ந்து வாயைத் திறந்துவிட்ட பிறகு கேள்வி கேட்க இயலாது அல்லவா! செலவு எவ்வளவு என்பதையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்க. வேர் சிகிச்சை என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, அதன்மேல் வைக்கும் உறைக்குத் தனித் தொகை கேட்பது வழக்கம். இரண்டையும் சேர்த்து எவ்வளவு என்று கேட்பதே முறை.

பட்டமும் இல்லாமல் பதிவும் இல்லாமல் சந்தையிலும் திருவிழாவிலும் பல் கட்டுவோரைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். காலையில் உட்கார்ந்து மாலையில் பல்லோடு எழுந்துவிடலாம் என்பார்கள். இருக்கும் நல்ல பற்களோடு பசையையும் கம்பியையும் சேர்த்து இறுக்கி ஒட்டிவிடுவார்கள். அதைக் கழற்றித் துலக்க முடியாது. உள்ளே உணவு அழுகும். ஈறு சீழ் பிடிக்கும். ஒரு பல்லுக்காகப் பக்கத்துப் பற்களும் போகும். பல்பூச்சி எடுப்பதாகச் சொல்லிக் கண்டங்கத்திரி விதைப் புகை பிடிக்க வைத்து, வெள்ளைப் புழுக்களைக் காட்டுவோரும் உண்டு. பல்லில் புழுவே கிடையாது. காட்டப்படுவது விதையின் முளையோ, வேறு எங்கிருந்தோ வந்ததோதான். இனிப்பையும் மாவையும் தின்று புளிக்க வைக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உண்டாக்கும் அமிலமே பல்லை அரிக்கிறது.

அந்த அரிப்பு எப்படி நடக்கிறது என்பதை அறிந்தால், வலிக்கும்வரை காத்திருப்பது ஏன் தவறு என்பது விளங்கும். பல்லின் மேற்பூச்சில் உணர்ச்சி இல்லை. அது கரையும்போது வலிக்காது. அந்த நிலையில் மருத்துவரிடம் சென்றால் சுரண்டி அடைத்துவிடுவார். ஒரே முறையில் வேலை முடிந்துவிடும். அரிப்பு உள்ளே இறங்கியபின் குளிர்ந்த நீர் பட்டால் கூசும். நடுவிலுள்ள நரம்பை எட்டிய பிறகே இரவில் உறக்கம் போகும். அப்போது வேர் சிகிச்சை செய்ய வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும். செலவு பன்மடங்காகும். சில நாளில் வலி தானே நின்றுவிடுவதும் உண்டு. குணமாகிவிட்டது என்று மகிழ்வோம். உண்மையில் நரம்பு செத்துப்போயிருக்கும். சீழ் வேரின் அடியில் சேரத் தொடங்கியிருக்கும்.

நம் அலுவலகத்துக்கு வேறு வேலையாக வந்த விவசாயத் தொழிலாளி ஒருவரின் கன்னம் வீங்கியிருந்தது. பல் வலி வந்து இரண்டு வாரம் ஆயிற்றாம். நடவு முடியட்டும் என்று புகையிலையை அடக்கிக்கொண்டிருந்தாராம். கடையில் வாங்கிய வலி மாத்திரையை இரண்டு வேளைக்கு ஒன்றாக விழுங்கியதில் வயிறும் புண்பட்டிருந்தது. ஒரு நாள் கூலியைக் காக்கப் போய் எட்டு நாள் கூலியை இழந்தார், பல்லையும் இழந்தார். அவர் பிழைத்ததே நற்பேறு. வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கி, வாய் திறக்க முடியாமலும் எச்சில் விழுங்க முடியாமலும் போனால் மூச்சுக் குழாய் அடைபடும். அந்நிலையில் எந்தப் பல் மருத்துவர் நல்லவர் என்று ஆராய்ந்துகொண்டிருக்க நேரமில்லை. 108-க்குச் சொல்லிப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் இதில் இரு மடங்கு கவனம் கொள்ள வேண்டும். சர்க்கரை மிகுந்தால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. பல் மருத்துவரிடம் போகும்போது, தாம் உட்கொள்ளும் மருந்துகளைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உட்கொள்வோர் அதைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். தாமாக அம்மாத்திரையை நிறுத்தவும் கூடாது. கருவுற்ற தாய்மார்கள் பல்லைக் காட்டக் கூடாது என்பது தவறான எண்ணம். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை சிகிச்சைக்கு ஏற்ற காலம்.

பிள்ளைகளின் விஷயத்தில் நம்மவர் செய்யும் பிழை ஒன்றுண்டு. ஆறு வயதில், பால் பற்கள் எதுவும் விழாமலே, அவற்றுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. விழுந்து முளைக்காததால் அதையும் பால் பல் என்று எண்ணி, சொத்தையானாலும் விட்டுவிடுகிறோம். அது ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய பல். பள்ளி மாணவர்க்குப் பல் பரிசோதனை செய்யும் ‘புன்னகை’ என்னும் திட்டத்தை மாநில அரசு 2023-இல் தொடங்கியது. பள்ளியில் பரிசோதித்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால், அச்சீட்டு புத்தகப் பையிலேயே கிடந்து நைந்துபோவதே பெரும்பாலும் நடக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள உறுப்பினர்கள் அச்சீட்டுகளின் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்க வேண்டும். விளையாட்டில் நிலையான பல் வேரோடு விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேற்பாகத்தைப் பிடித்து எடுத்துப் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்த்தால் திரும்பப் பதிக்க வாய்ப்புண்டு. பால் எந்த வீட்டில் இல்லை?

வெற்றிலை பாக்குப் போடும் பெரியவர்கள் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். புகையிலை மட்டுமன்றிப் பாக்கும் புற்றுநோய் விளைப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முழுதும் திறக்க முடியாமை ஆகியவற்றுள் எது கண்டாலும் காட்டிவிட வேண்டும். அதை முதலில் காணக்கூடியவர் பல் மருத்துவரே.

ஊராட்சி என்ன செய்யலாம்? பணம் ஒதுக்க வேண்டிய வேலை அதிகம் இல்லை. ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு பலகை எழுதலாம். அருகிலுள்ள அரசுப் பல் மருத்துவர் அமரும் இடம், நாள், நேரம், செல்லும் பேருந்து எண் ஆகியவை போதும். பல் மருத்துவக் கல்லூரிகளில் பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம் என்றொரு துறை உண்டு. ஊர்களில் முகாம் நடத்துவது அதன் பணிகளுள் ஒன்று. ஊராட்சித் தலைவர் கடிதம் எழுதிக் கேட்கலாம். ஆனால் முகாம் என்றால் பந்தல், மாலை, நிழற்படம், ஆளுக்கு ஒரு பற்பசை என்று முடிந்துவிடுவதில் நமக்கு உடன்பாடில்லை. சிகிச்சைக்கு வரச் சொன்னவர்களின் பெயர்ப் பட்டியலை முகாம் முடிந்த அன்றே வாங்க வேண்டும். அடுத்த கிராம சபையில், அப்பட்டியலில் எத்தனை பேர் போனார்கள் என்று கேட்க வேண்டும். போகாதவர்கள் ஏன் போகவில்லை என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலும் காரணம் பேருந்தாகவோ, துணைக்கு ஆளில்லாமையாகவோ இருக்கும். அதை ஊராட்சி தீர்க்க முடியும்.

பல்லே இல்லாத முதியவர்களுக்கு இப்பேச்சால் பயன் என்ன என்று ஓர் அம்மையார் சற்றுமுன் கேட்டார். அவர்களுக்கும் உண்டு. பொக்கை வாயிலும் புண் வரும். ஆண்டுக்கொருமுறை காட்ட வேண்டும். செயற்கைப் பல் கட்டிக்கொள்ள விரும்பினால் கல்லூரி மருத்துவமனையில் நான்கைந்து முறை போக வேண்டியிருக்கும். முதலில் அச்சு எடுப்பார்கள். பின்பு கடிக்கும் அளவு பார்ப்பார்கள். மெழுகில் வைத்துப் பொருத்திப் பார்த்த பிறகே பல் செய்வார்கள். செய்து கொடுத்த பின்னும் உறுத்தும் இடத்தைத் தேய்த்துக் கொடுக்க ஓரிருமுறை அழைப்பார்கள். பாதியில் நின்றுவிட்டால் எல்லாம் வீண். ஆதலின் ஒவ்வொரு முறையும் துணைக்குப் போகப்போவது மகனா, மருமகளா, பேரனா என்பதை முதல் நாளே வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு புறப்படுங்கள். காலைச் சிற்றுண்டியை உண்டுவிட்டே போகலாம். நீரிழிவுக்காரர்கள் அதைத் தவறவிடக் கூடாது. பழைய சீட்டு எதுவாயினும் கையில் இருக்கட்டும்.